பினாங்கிலிருந்து கூச்சிங்கிற்கு முறுக்கு பார்சல்: செலவைக் குறைக்க வழி உண்டா?

வணக்கம். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் எல்லாம் பினாங்கின் ஜார்ஜ்டவுனிலிருந்து கடல் தாண்டி சரவாக்கின் கூச்சிங் போகணும். நிஜ எடை இரண்டரை கிலோதான். ஆனால் பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை (செ.மீ.) பெருக்கி 5000-ஆல் வகுத்து, நிஜ எடை, இந்த அளவுக் கணக்கில் வரும் கிலோ இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 40×30×25 பெட்டி என்றால் 6 கிலோ கணக்கு! அதே சரக்கை 30×25×20-இல் அடக்கினால் 3 கிலோ. வட்ட டின்னைத் தவிர்த்து சதுர டப்பா போட்டால் மூலை இடம் வீணாகாது. ரொம்ப இறுக்கினால் பெட்டி புடைக்கும், புடைத்த இடத்தில்தான் அளப்பார்கள், முறுக்கும் தூளாகிவிடும்.

இதுவரை சரி. கேள்வி கப்பல் வழி பற்றி. பினாங்கின் துறைமுகப் பகுதியான பட்டர்வொர்த், பிறை பக்கம் சின்னச் சரக்கைச் சேர்த்து அனுப்புபவர்கள் யாராவது தெரியுமா? குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு, வீடு வரை கொடுப்பார்களா, இல்லை கூச்சிங்கில் போய் எடுக்கணுமா? நாள் கூடினாலும் முறுக்குக்குப் பரவாயில்லை, அதிரசம்தான் பயம். அனுப்பிப் பழகியவர்கள் விலையோடு சொன்னால் புண்ணியமாகப் போகும். விற்பனை விளம்பரம் வேண்டாங்க.