சமூக வகைப்பாடு: கானாடுகாத்தான் பக்கம் கள ஆய்வுக்கு எதை அளவாக வைப்பது?

கேள்வி: களப்பணி_சிவகங்கை

முதுகலை சமூகவியல் ஆய்வேட்டுக்குச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானையும் அதை ஒட்டிய இரண்டு ஊராட்சிகளையும் எடுத்திருக்கிறேன். "சமூகங்களின் வகைகள்" என்பது முதல் அத்தியாயம். பாடநூலில் ஓரிடத்தில் வேட்டை, மேய்ச்சல், வேளாண், தொழில் சமூகம் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் பழங்குடி, கிராமம், நகரம். வேறோரிடத்தில் டோனீஸ், துர்கெய்ம் என்ற சமூகவியலாளர்களின் பிரிவுகள். மூன்று சந்தேகங்கள்:

1. எந்த வகைப்பாட்டை எடுப்பது?
2. கானாடுகாத்தானைக் கிராமம் என்று எழுதுவதா, நகரம் என்று எழுதுவதா?
3. நகரத்தாரை (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஒரே சமூகமாகக் கொள்வதா, அவர்களுடைய ஒன்பது கோயில் பிரிவுகளையும் தனித்தனியாகக் கொள்வதா? "குடும்பம்" என்று எதை எண்ணுவது?

பதில்: ஏட்டுக்கட்டு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பாடநூல் காட்டுகிற பிரிவுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கப் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

வேட்டை, மேய்ச்சல், வேளாண், தொழில் என்பது பிழைப்பை வைத்துப் பிரித்தது. மானிடவியலாளர் எல்மன் சர்வீஸ் 1962ல் முன்வைத்த சிறுகுழு, பழங்குடி, தலைமைக்குடி, அரசு என்ற நான்கு படிகள் அதிகாரம் எங்கே குவிகிறது என்பதைப் பார்ப்பவை. டோனீஸ் 1887ல் பார்த்தது உறவின் தன்மையை: பிறப்பாலும் பழக்கத்தாலும் வரும் கட்டு ஒன்று, கணக்குப் பார்த்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மற்றொன்று. துர்கெய்ம் 1893ல் கேட்டது வேறு: மக்கள் ஒரே மாதிரி இருப்பதால் ஒட்டியிருக்கிறார்களா, வேலை பிரிந்துபோய் ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு ஓடாது என்பதால் ஒட்டியிருக்கிறார்களா?

கள ஆய்வுக்குக் கைகொடுப்பவர் சமூகவியலாளர் ஜார்ஜ் ஹில்லரி. 1955ல் அவர் "சமூகம்" என்பதற்கான 94 வரையறைகளை எடுத்து ஒப்பிட்டார். அவற்றில் 69ல் மூன்று கூறுகள் பொதுவாக இருந்தன: ஒரு நிலப்பரப்பு, பொதுவான பிணைப்பு, ஒருவரோடொருவர் பழக்கம். இந்த மூன்றையும் ஓர் அட்டவணையில் மூன்று பத்திகளாகப் போட்டு, சந்திக்கிற ஒவ்வொரு கூட்டத்தையும் அதில் நிரப்புங்கள். மூன்றும் இருந்தால் ஊர்ச் சமூகம். பிணைப்பும் பழக்கமும் இருந்து நிலம் இல்லையென்றால் பரவிக் கிடக்கும் சமூகம். நிலம் மட்டும் இருந்தால் அது வெறும் அஞ்சல் குறியீட்டு எண்தான்.

ஒரு எச்சரிக்கை. டோனீஸின் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் செட்டிநாட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பர்மாவில் லேவாதேவி நடந்த காலத்தில், ரங்கூன் மொகல் தெரு செட்டியார் கோயிலில் நகரத்தார் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை நிர்ணயம் செய்தார்கள். சாமி கும்பிடுகிற இடம், பங்காளியும் சம்பந்தியும் கூடுகிற இடம், வட்டி விகிதம் முடிவாகிற இடம் மூன்றும் ஒன்றே. இதில் எது உறவு, எது ஒப்பந்தம்? பிரிக்க முடியாது. உங்கள் முதல் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பதில்: புள்ளிவிவரப்புலி

இரண்டாவது கேள்வி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்று ஆக இரண்டு வழி உண்டு.

ஒன்று, சட்டப்படி நகரம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்திருந்தால் போதும், வேறு சோதனை கிடையாது. கானாடுகாத்தான் பேரூராட்சி. ஆகவே கணக்கெடுப்பில் அது நகரம், விவாதம் முடிந்தது. பள்ளத்தூர், புதுவயலும் அப்படியே.

இரண்டு, கணக்கெடுப்பு நகரம். ஊராட்சியாகவே இருக்கும், ஆனால் மூன்று நிபந்தனைகளையும் ஒருசேரத் தாண்டியிருக்க வேண்டும்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலை. முதன்மைத் தொழிலாளர் என்றால் வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: மொத்தத் தொழிலாளரை, அல்லது பெண்களையும் சேர்த்து, சதவீதம் போட்டுவிடுவார்கள். உங்கள் இரண்டு ஊராட்சிகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2011 பட்டியலுக்கு, 2001ல் 4,000 பேர் இருந்த ஊர்களையே பரிசீலித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மக்கள்தொகையை வைத்து நகரங்களுக்கு அளவு வகுப்பு ஆறு: ஒரு லட்சமும் மேலும் முதல் வகுப்பு, 50,000 முதல் இரண்டாம், 20,000 முதல் மூன்றாம், 10,000 முதல் நான்காம், 5,000 முதல் ஐந்தாம், அதற்குக் கீழே ஆறாம் வகுப்பு. 2011ல் காரைக்குடி 1,06,714, தேவகோட்டை 51,865. இரண்டுமே வரம்பைக் கொஞ்சமாகத் தாண்டி வகுப்பு ஏறியவை. வகுப்பு எண்ணை வைத்துக்கொண்டு "நகர்ப்புற வாழ்க்கைமுறை" என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காரைக்குடி 2024ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. எல்லை மாறிய பிறகு பழைய எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

இன்னொன்று, செட்டிநாடு என்று ஒரு நிர்வாக அலகே இல்லை. ஒரு பகுதி சிவகங்கை, ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டைப் பக்கம். 1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம், ஆகவே பழைய கணக்குகளில் அந்த ஊர்களைச் சென்னை மாகாண மாவட்டங்களுக்குள் தேடாமல் சமஸ்தானத்தின் கீழ் தேடுங்கள்.

பதில்: இரண்டாங்கட்டு

மூன்றாவது கேள்வி கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது.

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில். தகப்பன் கோயில்தான் பிள்ளைக்கும். பெண் கல்யாணமானதும் புருஷன் கோயிலுக்குப் போய்விடுவாள். பொதுவாக ஒரே கோயில் என்றால் பங்காளி. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள்ளும் சம்பந்தம் கிடையாது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி கோயில்களுக்குள் உட்பிரிவுகளும் உண்டு.

ஆக, கோயில் என்பது முழுச் சமூகம் இல்லை. தன்னால் தனியே நிற்க முடியாத கூறு அது: கல்யாணத்துக்கு மற்றக் கோயில் வேண்டும். பெண் கொடுத்து எடுக்கும் வட்டம் எங்கே முடிகிறதோ அதுவே சமூகத்தின் வெளி வரம்பு. பெண் எடுக்கக் கூடாத வட்டம் உள் கூறு. இந்த ஒரு சோதனையை வைத்தால் "ஒன்றா, ஒன்பதா" என்ற கேள்விக்கே இடமில்லை. ஒன்று, அதற்குள் ஒன்பது கூறு. ஊரும் கோயிலும் ஒன்றல்ல என்பதும் முக்கியம். ஒரே ஊரில் பல கோயில்காரர்கள் இருப்பார்கள், ஒரே கோயில்காரர்கள் பல ஊரில் இருப்பார்கள். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

குடும்பத்துக்கு வருவோம். கணக்கெடுப்பு வரையறை: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்படியில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். செட்டிநாட்டு வீட்டில் பையனுக்குக் கல்யாணமானதும் "வேறு வைப்பது" வழக்கம்: ஒரே வளவு (வீடு), தனித்தனிச் சமையல். வாசலில் கதவு ஒன்று என்று எண்ணினால் தப்பு. அடுப்பை எண்ண வேண்டும்.

நகரத்தார் கணக்கு வேறு: புள்ளி. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். அந்தத் தம்பதி கோலாலம்பூரில் இருந்தாலும் புள்ளி ஊரில்தான்.

ஒரு வீட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். விதவைத் தாயார், கல்யாணமான மூன்று பிள்ளைகள். மூத்தவர் சிங்கப்பூர், இரண்டாமவர் சென்னை, இளையவர் ஊரில். ஆச்சி இளையவரோடு சாப்பிடுகிறார். வீடு ஒன்று. கணக்கெடுப்பில் அந்த ஊரில் குடும்பம் ஒன்று. புள்ளி மூன்றரை. இளையவர் வேறு ஊர் போய், ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால் கணக்கெடுப்பில் பூட்டிய வீடு; புள்ளி அப்போதும் மூன்றரையேதான். "ஊரில் எத்தனை குடும்பம்" என்று பொதுவாகக் கேட்டால் மேல்முகப்பில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் புள்ளியைச் சொல்வார், பேரூராட்சி ஊழியர் வரி விதித்த கட்டடத்தைச் சொல்வார். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் உங்கள் சராசரி குடும்ப அளவு கந்தலாகிவிடும்.

கேள்வியாளர்: களப்பணி_சிவகங்கை

நன்றி அண்ணே. ஊராட்சிப் பக்கம் நகரத்தார் அதிகம் இல்லை. அங்கே புள்ளிக்குப் பதில் எதைக் கேட்பது?

பதில்: நாலுநாடு

தலைக்கட்டு. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற அலகு அது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு என்பது பொது வழக்கம்; கைம்பெண்ணுக்குப் பாதியா, முழு விலக்கா என்பது ஊருக்கு ஊர் மாறும், கேட்டு எழுதுங்கள். வரி நோட்டு ஊர்ப் பெரியவரிடம் இருக்கும்.

அந்த நோட்டில் யார் பெயர் *இல்லை* என்பதையும் பாருங்கள். ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று குடியிருப்பு இருக்கும். வருவாய்க் கிராம எல்லையும் ஊராட்சி எல்லையும் பல இடத்தில் பொருந்தாது. ஒரு குடியிருப்பிடம் வரியே வாங்குவதில்லை என்றால், ஊரார் பார்வையில் அவர்களை ஊரோடு சேர்க்கவில்லை என்று அர்த்தம். வரைபடத்தில் இந்தக் கோடு தெரியாது.

கிராமத்துக்கு மேலேயும் ஒரு அலகு இந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது: பல கிராமங்கள் சேர்ந்த நாடு. தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவித் தேரில் உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாட்டுக்கு நான்கு வடம். வடம் பிடிக்கப் பட்டியல் சமூக மக்களுக்கு உரிமை உண்டா என்ற வழக்கு நீதிமன்றம் வரை போய், தேர் பல வருடம் நிலையிலேயே நின்று 2024ல் ஓடியது. பாடநூலில் இருக்கிற கிராமம், நகரம், பழங்குடி என்ற மூன்றிலும் நாடு அடங்காது. அதற்கு அத்தியாயத்தில் தனித் தலைப்பு கொடுங்கள், பின்னிணைப்பில் தள்ளாதீர்கள்.

பதில்: ஏட்டுக்கட்டு

மேலே சொன்னதோடு படிவத்தில் நான்கு கேள்வி சேருங்கள்: எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறீர்கள், பெண் எங்கே கொடுத்து எடுக்கிறீர்கள், மொய் எழுதுவது யாருக்கெல்லாம், சண்டை வந்தால் யார் முன்னால் பேசுவீர்கள். நான்குக்கும் ஒரே வட்டம் பதிலாக வந்தால் இறுக்கமான சமூகம். நான்கும் நான்கு திசையில் போனால், அந்த ஆளை எந்த ஒரு பெட்டியிலும் போடாமல் நான்கிலும் பதியுங்கள். சாதிச் சான்றிதழில் உள்ள அரசுப் பிரிவை ஐந்தாவது கட்டமாகத் தனியே வையுங்கள். அது இடஒதுக்கீட்டுக்காகப் போட்ட பட்டியல், மேலே உள்ள நான்குக்கும் அதை விடையாக நிரப்பக் கூடாது. முதலில் பத்து வீட்டில் சோதித்துவிட்டு, எந்தக் கேள்விக்கு ஆட்கள் திருதிருவென்று விழிக்கிறார்களோ அதைத் திருத்தி அச்சுக்குக் கொடுங்கள்.