சீரியல் பட்டப்பெயரை என் கடை வாசலுக்குக் கொண்டுவராதீர்கள்

உவர்மலைக்காரி:

'சிறகடிக்க ஆசை' ஓடாத வீடு திருகோணமலையில் குறைவு. அதனால் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் விஜய் டிவியில் தொடங்கியது. அண்ணாமலை, விஜயா வீட்டுக்கு மூன்று மருமகள்கள்: பூக்கட்டும் மீனா, பார்லர் வைத்திருக்கும் ரோகிணி, டப்பிங் பேசும் ஸ்ருதி. மீனாவின் கணவன் முத்து, கார் ஓட்டுகிறவன். அவன் ரோகிணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "பார்லர் அம்மா" என்றுதான் கூப்பிடுவான். ஸ்ருதிக்கு "பலகுரல்".

நான் இங்கே உவர்மலைப் பக்கம் பார்லர் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் என்னைப் "பார்லர் அக்கா" என்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சீரியல் வந்த பிறகு அக்கா எப்படியோ அம்மா ஆகிவிட்டது. என்னைவிட மூத்த மனுசிகூட அப்படித்தான் கூப்பிடுகிறா. கூப்பிட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. ரோகிணி மலேசியாவைச் சொல்லிப் புளுகினதை வைத்து, "உங்களுக்கும் மலேசியாவோ?" என்று கேட்கிறார்கள். முகத்துக்கு பேஷியல் போட இவ்வளவு என்றால், "ரோகிணி மாதிரிக் கணக்குச் சொல்லாதீங்கோ" என்கிறார்கள். புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு நுனி என் பல்லில் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் இதெல்லாம் வரும். வாயைத் திறந்து பதில் சொன்னால் நூல் விட்டுப்போகும், புருவம் கோணும். அதனால் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

திரையில் என்ன பெயரும் வைக்கட்டும். ஊருக்குள் ஏன்?


மடத்தடி_முத்துகட்சி:

அக்கா, கோபிக்காதீங்க, ஆனால் இதில் பிழை எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. நம்ம ஊரில் யாரைத்தான் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறோம்? பேக்கரி அண்ணா, மீன்கார ஐயா, தையல்கார அன்ரி. நான் ஓட்டோ ஓட்டுகிறேன். அனுராதபுரச் சந்தியில் நின்றால் "ஓட்டோ!" என்றுதான் கை தட்டுவார்கள். என் பெயர் என்ன என்று எவரும் கேட்டதில்லை.

அடுத்தது, முத்து வைத்த பட்டங்கள்தான் அந்தத் தொடரின் உயிர். எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு ரோகிணி, ஸ்ருதி பெயரெல்லாம் நினைவில் நிற்காது. "பார்லர்காரி வந்திட்டாளா, பலகுரல் எங்கே" என்றுதான் கேட்பா. ஒரு பெயரில் ஆளையும் தொழிலையும் குணத்தையும் பிடித்துவிடுகிறான் முத்து. எழுதுகிறவர் கெட்டிக்காரர்.

இன்னொன்றும் கவனியுங்கள். ரோகிணி என்பதே அவளின் உண்மைப் பெயர் கிடையாது. கல்யாணி என்ற பெயரை மறைத்து, மலேசியாவில் பணக்கார அப்பா என்று புளுகி அந்த வீட்டுக்குள் வந்தவள். இறைச்சிக்கடை மணியைக் கூட்டிவந்து மலேசியா மாமா என்று நடிக்க வைத்தவள். அவளைப் பற்றி அந்த வீட்டுக்குத் தெரிந்ததில் பொய் கலக்காதது அவள் செய்யும் பார்லர் வேலை ஒன்றுதான். முத்து தெரியாமலே அதைப் பிடித்துக் கூப்பிடுகிறான்.


உவர்மலைக்காரி:

தம்பி, கடைசியாகச் சொன்னது நல்ல பாயின்ற். தொடருக்குள் அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்களே இப்போது என் பக்கம் வாதாடிவிட்டீர்கள். அந்தப் பெயரோடு சேர்ந்து என்னென்ன வருகிறது பாருங்கள்: பொய், ரோகிணி அந்த வீட்டுக்கு மறைத்த தன் பிள்ளை, வாடகை மாமா. "ஓட்டோ" என்று உங்களைக் கூப்பிடும்போது ஓட்டோ மட்டும்தான் வருகிறது. என்னைப் "பார்லர் அம்மா" என்கிறபோது ஒரு புளுகியும் சேர்ந்து வந்து என் கதிரையில் உட்காருகிறாள். "பார்லர் அக்கா"வில் அந்தச் சுமை இல்லை.

மீனாவையும் யோசித்துப் பாருங்கள். விஜயா அவளைப் பூக்கட்டுகிறவள் என்று குத்திக் காட்டும்போது நாம் எல்லோரும் டிவிக்கு முன்னால் பல்லைக் கடிக்கிறோம். அதே வீட்டில் இன்னொரு மருமகளை அவள் தொழிலை வைத்துக் கூப்பிட்டால் சிரிக்கிறோம். மாமியார் சொன்னால் இழிவு, ஹீரோ சொன்னால் பகிடியா?


மடத்தடி_முத்துகட்சி:

ஓம், அப்படித்தான். யார் சொல்கிறார் என்பதில்தானே எல்லாம் இருக்கிறது. விஜயா மேலே நின்று கீழே துப்புகிறா. முத்து அந்த வீட்டில் தாயே மதிக்காத பிள்ளை, டிரைவர் என்று ஒதுக்கப்பட்டவன். ரோகிணியோ மாமியார் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மருமகள். கீழே இருப்பவன் மேலே இருப்பவரைப் பகிடி பண்ணலாம். அதற்கும் வாய்ப்பூட்டு போட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?


சாம்பல்தீவு_சித்தி:

இரண்டு பேரும் ஒரே சீரியலுக்குள் சுற்றுகிறீர்கள். (என் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள்: ஆம், 1999இல் சன் டிவியில் வந்த ராதிகாவின் 'சித்தி'தான். வீட்டில் எனக்கு வைத்த பட்டம், எனக்குப் பிடித்தது, யாரும் விசாரணை வைக்க வேண்டாம்.)

பட்டப்பெயர் என்றால் இழிவு என்று எடுக்காதீர்கள். 'கோலங்கள்' நினைவிருக்கிறதா? தேவயானி அபி. இயக்குநர் திருச்செல்வம் தொல்காப்பியனாக நடித்தார். அபி அவரை "தொல்ஸ்" என்பா. அந்தச் சுருக்கத்தில்தான் அவர்கள் நட்பு எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்தது. பார்க்கிறவர்களும் தொல்ஸ் என்றுதான் சொன்னோம். தொல்காப்பியன் என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை?

'மெட்டி ஒலி'யில் போஸ் என்ற பாத்திரம் செய்த வெங்கட் இன்றைக்கும் போஸ் வெங்கட்தான். அந்தத் தொடரின் தொடக்கப் பாட்டுக்கு ஆடியவர் மெட்டி ஒலி சாந்தி. அவர்கள் அதைக் கழற்றி எறியவில்லை, முன்பெயராகவே வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. திருச்செல்வம் பிறகு எடுத்த 'எதிர்நீச்சல்'. மாரிமுத்து ஆதி குணசேகரனாக வந்து "இந்தாம்மா ஏய்" என்று அதட்டியது. அந்த ஆள் வீட்டுப் பெண்களை மனுசராக மதிக்காதவன், அதைக் காட்டத்தான் அந்த அதட்டல். ஆனால் ரசிகர்கள் அதையே செல்லப் பெயராக்கி, மீமாக்கி, கடைசியில் மாக்கெட்டில் மீன் வாங்கப் போனால் விடலைப் பொடியன்கள் பின்னால் நின்று "இந்தாம்மா ஏய்" என்கிறார்கள். வில்லனின் குணத்தைக் காட்ட எழுதிய வசனம் பெண்களை நக்கலடிக்க வந்து சேர்ந்தது. உவர்மலைக்காரி சொல்வது எனக்கு இங்கேதான் விளங்குகிறது.


கிண்ணியாவான்:

சித்தி, மாரிமுத்து 2023 செப்டம்பர் 8இல் மௌத்தானபோது எங்கள் ஊர் தேநீர்க்கடையில் "இந்தாம்மா ஏய் போயிட்டார்" என்றுதான் சொன்னார்கள். கேலியாக இல்லை, கவலையோடு. அதே எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். நல்ல நடிகர். ஆனால் அந்தப் பட்டத்தை ஒருவரும் அவருக்கு மாற்றிக் கொடுக்கவில்லை. பாத்திரம் கைமாறியது, பட்டம் மாறவில்லை. ரசிகர் வைத்த பெயர் என்பது ஆளுக்கு உரியது என்று நினைக்கிறேன்.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையும் அப்படித்தான். அது பட்டமல்ல, பாத்திரத்தின் பெயர், சரி. ஆனாலும் 2020 டிசம்பரில் சித்ரா இறந்தபின் வேறொருவர் முல்லையாக வந்தபோது, எங்கள் வீட்டில் "புது முல்லை" என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். முல்லை என்றால் சித்ராதான்.

உவர்மலை ராத்தாவுக்கு ஒரு கேள்வி. 'மணி ஹெய்ஸ்ட்' பார்த்துவிட்டு எங்கள் டியூட்டரி பிள்ளைகள் கணக்குப் படிப்பிக்கிற சேருக்கு "புரொபசர்" என்று பட்டம் வைத்தார்கள். அந்தத் தொடரில் வரும் திருட்டுக் கூட்டத்தில் ஒருவருக்கும் உண்மைப் பெயர் வெளியில் வரக்கூடாது என்று டோக்கியோ, பேர்லின், நைரோபி என்று நகரங்களின் பெயர்தான். தலைவன் மட்டும் புரொபசர். சேருக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டு அதே ஸ்டைலில் நிற்கிறார். அவர் ரசிக்கிறார், நீங்கள் ரசிக்கவில்லை. பட்டத்தில் பிழையா, பாத்திரத்தில் பிழையா?


உவர்மலைக்காரி:

பாத்திரத்தில்தான், தம்பி. புரொபசர் கெட்டிக்காரன், அதனால் உங்கள் சேர் கண்ணாடியைத் தள்ளுகிறார். திருடன்தான் என்றாலும் கெட்டிக்காரத் திருடன்! எனக்குக் கிடைத்தது ரோகிணி. நான் கேட்டு வாங்கவில்லை. போஸ் வெங்கட் அந்த வேடத்தைச் செய்தார், சம்பளம் வாங்கினார், பெயரும் அவர் உழைப்பில் வந்தது. நான் அந்தத் தொடரில் ஒரு சீன்கூட நடிக்கவில்லையே.


பழைய_வானொலி:

பிள்ளைகள் எல்லோரும் சென்னைத் தொடர்களையே பேசுகிறீர்கள். இந்த விளையாட்டு நம் நாட்டில் டிவிக்கு முந்தியது. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' போனபோது தெருவில் நடந்துகொண்டே முழுவதும் கேட்கலாம், அடுத்தடுத்த வீட்டு ரேடியோவில் அதுதான். அதை எழுதிய ராமதாஸ் மரிக்காராக வந்தார். ராஜகோபால் அப்புக்குட்டி. செல்வசேகரன் உபாலி. 1976இல் அதைக் 'கோமாளிகள்' என்று படமாகவும் எடுத்தார்கள். கடைசிவரை அவர்கள் மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். ஒரு தமிழர் முஸ்லிம் பெயராலும் இன்னொரு தமிழர் சிங்களப் பெயராலும் நாடு முழுக்க அறியப்பட்டார்கள். கே. எஸ். பாலச்சந்திரனை "அண்ணை றைற்" என்றால்தான் பலருக்குத் தெரியும், அவர் செய்த பஸ் கொண்டக்டர் அப்படி.

சிங்களப் பக்கம் இன்னும் ஒருபடி மேல். 'பபா' என்ற தொடரில் நடித்த உபேக்ஷா சுவர்ணமாலியை சனம் பபா என்றே அழைத்தது. 2010 பொதுத்தேர்தலில் கம்பஹாவில் நின்று வென்று பாராளுமன்றம் போனார். தொடர் வைத்த பெயர் வாக்காக மாறியது.

ஆகவே மகளே, பெயர் தானாக ஒட்டிவிட்டால் அதை வைத்துப் பிழைக்கப் பாருங்கள். போர்டிலேயே "பார்லர் அம்மா" என்று போடுங்கள். கலியாண சீசனில் கூட்டம் தாங்காது.


உவர்மலைக்காரி:

ஐயா, நீங்கள் சொன்ன எல்லோரும் மேடையில் ஏறியவர்கள். மைக்குக்கு முன்னால், கமராவுக்கு முன்னால் தாங்களே போய் நின்றவர்கள். பபா தேர்தலில் நின்றதும் தானாகத்தான்.

போர்டு யோசனையை என் தங்கச்சியும் சொன்னாள். அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். போன முகூர்த்தத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம். விடிய நாலு மணிக்கு அவர்கள் வீட்டில் நிற்கிறேன். சடை வைத்து, நெற்றிச்சுட்டி கட்டி, சேலை மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். தாலிக்கொடியும் நகையும் வைத்த தட்டு பக்கத்து மேசையில். பிள்ளையின் பெரியம்மா வந்து, "பார்லர் அம்மா இருக்கிறா, தட்டை எடுத்து உள்ளே வையுங்கோ" என்றா. அறையே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள், பாவம், குழந்தை. அந்த மனுசி பகிடிக்குத்தான் சொன்னா என்று எனக்கும் தெரியும். ஆனால் தட்டை உண்மையாகவே எடுத்துக்கொண்டு போனார்கள்.


சாம்பல்தீவு_சித்தி:

அட கடவுளே.


கிண்ணியாவான்:

இது பகிடி இல்லை ராத்தா.


மடத்தடி_முத்துகட்சி:

அக்கா, அந்தப் பெரியம்மா செய்தது கேவலம். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அதை முத்துவின் தலையில் கட்டாதீர்கள். சீரியல் இல்லாவிட்டாலும் அந்த மனுசி தட்டை எடுத்திருப்பா, வேறு ஏதாவது சாட்டுச் சொல்லி. வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களைச் சந்தேகிப்பது விஜய் டிவி தொடங்கியதா? என் ஓட்டோவில் ஏறினால் ஹாண்ட்பேக்கை மடியில் இறுக்கிப் பிடிக்கிறவர்களை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எனக்கு ஒரு சீரியலும் பட்டம் வைக்கவில்லை.


உவர்மலைக்காரி:

சந்தேகம் முந்தியும் இருந்தது, ஓம். ஆனால் முந்தி அதை என் முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்பட்டார்கள். இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நான் முறைத்தால் "சும்மா சீரியல் பகிடி" என்று தப்பிவிடுகிறார்கள். கோபப்பட்டால் நான்தான் பகிடி தெரியாதவள்.


பழைய_வானொலி:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, மகளே. ஆனாலும் சனம் பட்டம் வைப்பதை நிறுத்தாது. கோணேசர் கோயில் வாசல் மான்களுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.


மடத்தடி_முத்துகட்சி:

நான் இனி என் ஓட்டோவில் ஏறுகிறவர்கள் உங்கள் கடையைக் கேட்டால் "உவர்மலை அக்கா கடை" என்கிறேன், சரியா? ஆனால் இரவு டிவியில் முத்து "பார்லர் அம்மா" என்றால் சத்தமாகச் சிரிப்பேன், அதை விட ஏலாது.


உவர்மலைக்காரி:

சிரியுங்கள். நானும் பார்க்கிறேன்தானே. வாடிக்கையாளர் யாராவது அந்தப் பெயரில் கூப்பிட்டால் இந்த மாதத்திலிருந்து புருவத்துக்கு 100 ரூபா கூட. கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டேன்.


கிண்ணியாவான்:

"பார்லர் அக்கா"வுக்குப் பழைய விலைதானே? மனைவி கேட்கச் சொன்னா.