28 செ.மீ. வார்ப்பிரும்புச் சட்டி பெரிதாகிவிட்டது: நாலு பேருக்கு எந்த அளவு சரி?

குடந்தை அடுப்படி:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருக்கிறோம். நான், அவர், மகள், என் அம்மா என்று வீட்டில் நாலு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு சுவாமிமலைப் பக்கத்திலிருந்து நாத்தனார் வீட்டார் வருவார்கள். அன்றைக்கு எட்டு பேர் ஆகிவிடும்.

எனாமல் பூசி, கனமான மூடியோடு வரும் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றைப் பல மாதம் பணம் சேர்த்து வாங்கினேன். பெரிதாக எடுத்தால் விருந்துக்கும் ஆகும், அன்றாடத்துக்கும் ஆகும் என்று நினைத்து 28 செ.மீ. அளவு எடுத்தேன். 6.7 லிட்டர் பிடிக்கும். "4 முதல் 5 பேருக்கு ஏற்றது" என்றுதான் விற்றவர்கள் போட்டிருந்தார்கள்.

இதுவரை மூன்று முறை சமைத்தேன். முதலில் இட்லிக்குக் கடப்பா, பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த எங்கள் ஊர்க் குழம்பு. நடுவில் பருப்பு அடிப்பிடித்தது, ஓரத்து உருளைக்கிழங்கு வேகவே இல்லை. அடுத்து ஒரு கிலோ நாட்டுக்கோழி. கறி வேகும் முன்பே தண்ணீர் வற்றியது, இரண்டு முறை வெந்நீர் ஊற்றினேன். மூன்றாவது வெங்காயச் சாம்பார். அது நன்றாகவே வந்தது, ஆனால் அம்மாவால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க முடியவில்லை. அவருக்கு மணிக்கட்டு வலி உண்டு. அன்றைக்கு எனக்குப் பயமாகிவிட்டது.

சமைத்த பாத்திரத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். என் கையில் ஏதாவது தவறு இருக்கிறதா, அல்லது அளவுதான் தவறா? வேறு வாங்குவதானால் 22, 24, 26 இவற்றில் எது?

மாயவரத்துக்காரி:

அக்கா, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருக்காது. முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சட்டியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நீங்கள் வழக்கமாக வைக்கும் அடுப்பில் நிதானமான தீயில் வையுங்கள். குமிழ் முதலில் எங்கே கிளம்புகிறது, ஓரத்துக்கு எப்போது வருகிறது என்று பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.

வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சூட்டைக் கடத்துவதில் மெதுவானது, அலுமினியத்தோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய கால் பங்குதான். தீ படுகிற இடம் கொதிக்கும், படாத இடம் காத்துக்கொண்டிருக்கும். நாம் பழகிய அலுமினியச் சட்டியில் இந்த வித்தியாசம் தெரியாது. எந்த பர்னரில் வைத்தீர்கள்?

குடந்தை அடுப்படி:

சின்ன பர்னரில்தான். பெரியதில் குக்கர் இருக்கும். பெரியதில் இதை வைத்தால் அதன் காது பக்கத்து அடுப்பு வரைக்கும் நீள்கிறது, அங்கே வேறு பாத்திரம் வைக்க முடியவில்லை.

சொன்னபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நடுவில் ஒரு சாஸர் அகலத்துக்குத்தான் குமிழ் வந்தது. ஓரம் வரை வர வெகுநேரம் ஆனது. தீ விரிகிற அகலத்தை அளவுகோல் வைத்து எட்ட நின்று பார்த்தேன், சுமார் 12 செ.மீ. இருக்கிறது. சட்டியோ 28.

தஞ்சைப் பாத்திரக்கடை:

அம்மா, பதினைந்து வருடமாகப் பாத்திரக்கடையில் நிற்கிறேன். இந்தச் சட்டி வாங்க வருகிறவர்கள் எல்லோருமே முதலில் "எத்தனை பேருக்கு ஆகும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரு வீட்டில் நாலு பேருக்கு அரை லிட்டர் குழம்பு போதும், இன்னொரு வீட்டில் இரவுக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் வைப்பார்கள். ஆள் கணக்கை விட்டுவிட்டு லிட்டர் கணக்குக்கு வாருங்கள்.

வட்டச் சட்டிகளில் அளவு எப்படிப் போகிறது என்பதற்கு, 1925-இல் பிரான்சில் தொடங்கிய லெ குரூசே நிறுவனத்தின் அளவுகளைச் சொல்கிறேன். 20 செ.மீ. என்றால் 2.4 லிட்டர், 22 என்றால் 3.3, 24 என்றால் 4.2, 26 என்றால் 5.3, 28 என்றால் 6.7. மற்றவர்கள் செய்வதில் சுவர் உயரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். பாருங்கள், 24-க்கும் 28-க்கும் விட்டத்தில் வித்தியாசம் நாலு செ.மீ.தான், ஆனால் கொள்ளளவு இரண்டரை லிட்டர் கூடிவிடுகிறது. படத்தைப் பார்த்து வாங்கும்போது கண்ணுக்கு இது தெரியாது.

அந்த லிட்டர் கணக்கும் விளிம்பு வரை தளும்ப ஊற்றினால் வருவது. சமைக்கும்போது பாதிக்கு மேல், முக்காலுக்குள் இருந்தால்தான் சட்டி ஒழுங்காக வேலை செய்யும். அதைவிட நிறைந்தால் கொதித்து வழியும், கோழித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து வதங்காமல் தண்ணீர் விட்டு வேகும். பாதிக்குக் கீழே போனால் உங்களுக்கு நடந்தது நடக்கும். ஒன்றரை லிட்டர் குழம்பை 28-இல் ஊற்றினால் ஆழம் இரண்டரை, மூன்று செ.மீ.தான் வரும். அகலமாகப் பரந்து கிடக்கும்போது ஆவி அதிகம் போகும், வற்றாமல் என்ன செய்யும்? எண்ணெயும் கூடுதலாகக் கேட்டிருக்குமே?

இன்று ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் பழைய பாத்திரத்தில் கடப்பா எந்த மட்டத்துக்கு வைப்பீர்களோ அந்த மட்டத்துக்கு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். கோழிக்கும் அப்படியே, எட்டு பேர் வரும் நாளுக்கும் அப்படியே. மூன்று எண்களையும் எழுதிப் போடுங்கள்.

மன்னைத் தம்பி:

எனக்குத் தோன்றுவது வேறு. 28-ஐ விடாதீர்கள் அக்கா. எங்கள் வீட்டில் அதே அளவுதான். ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கோழி போட்டு பிரியாணி தம் போட்டால் முக்கால் சட்டிக்கு வந்து அழகாக நிற்கும். மூடி கனமாக இருப்பதால் மைதா மாவு பூசி அடைக்கவே வேண்டாம். சின்னதாக வாங்கிவிட்டு விருந்தன்று தவிப்பதைவிடப் பெரியது ஒன்று இருப்பது நல்லது.

அன்றாடத்துக்குப் பூச்சு இல்லாத சாதா வார்ப்பிரும்புச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விலையும் குறைவு. நன்றாகப் பழக்கிவிட்டால் வத்தக்குழம்பு முதல் எல்லாம் வைக்கலாம்.

ஐயாறு வீடு:

தம்பி, பிரியாணிக் கணக்கு சரி. வத்தக்குழம்பு விஷயத்தில் மட்டும் உங்களோடு சேர முடியாது. பூச்சில்லாத இரும்பில் எண்ணெய் ஏறிப் பழகின படலத்தைப் புளி அரித்துவிடும். குழம்பு கறுக்கும், நாக்கில் இரும்பு வாடை நிற்கும். அரை மணி நேரம் புளி கொதிக்கிற பண்டத்துக்கு அது பாத்திரமே இல்லை. வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்கு ரோஸ்ட், தோசை, இவற்றுக்கு அதை அடிக்க வேறொன்று கிடையாது. எனாமல் பூச்சு என்பது இரும்பின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி, அதனால் புளி அதை ஒன்றும் செய்யாது. பூச்சு சில்லு பெயராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றி யாருமே கேட்கவில்லையே என்று எனக்கு இருக்கிறது. 28 செ.மீ. சட்டி மூடியோடு ஆறு கிலோவுக்கு மேல். உள்ளே மூன்று லிட்டர் சாம்பார் இருந்தால் ஒன்பது கிலோ தாண்டும், அதுவும் கொதிக்கக் கொதிக்க, இரண்டு சின்னக் காதுகளைப் பிடித்துத் தூக்க வேண்டும். என் வயது அறுபத்தேழு. நான் 22-தான் வைத்திருக்கிறேன். அதையும் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை. அணைத்துவிட்டு அங்கேயே வைத்துக் கரண்டியால் கிண்ணத்துக்கு எடுத்துவிடுவேன். வீட்டில் யார் தூக்குவார்களோ அவர்கள் கைக்குத்தான் சட்டி வாங்க வேண்டும், அம்மா. உன் அம்மா காலையில் தனியாகச் சமைப்பாரா?

குடந்தை அடுப்படி:

ஆமாம் அம்மா. நான் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். மதியக் குழம்பு அவர் கையால்தான்.

கடைக்கார அண்ணன் கேட்டபடி அளந்தேன். கடப்பா 1.6 லிட்டர். ஒரு கிலோ கோழிக் குழம்பு 2.2 லிட்டர். எட்டு பேர் வரும் நாளில் ஒன்றரை கிலோ கோழி வைப்பேன், அது 3 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. பிரியாணி எங்கள் வீட்டில் அரைக் கிலோ அரிசிக்கு மேல் போட்டதே இல்லை. எழுதி வைத்த பிறகு பார்த்தால், 6.7 லிட்டரைப் பாதி நிரப்புகிற சமையல் ஒன்றுகூட நான் செய்வதில்லை.

தஞ்சைப் பாத்திரக்கடை:

பதில் உங்கள் எண்ணிலேயே இருக்கிறது. 4.2 லிட்டர், அதாவது 24. எட்டு பேருக்கான 3 லிட்டர் முக்கால் சட்டிக்குள் வந்துவிடும். ஒரு கிலோ கோழிக் குழம்பு பாதிக்குச் சற்று மேலே நிற்கும். கடப்பா மட்டும் பாதிக்குக் கீழே இருக்கும். அதற்காக 22 வாங்கினால் எட்டு பேர் அன்று விளிம்பில் தளும்பும். கடப்பா அன்று தீயைக் குறைத்து மூடி வைத்தால் 24-இல் சமாளிக்கலாம். எடையும் நாலரை கிலோவுக்குப் பக்கம்தான் வரும்.

வாங்கும்போது அடிப்பாகத்தின் அகலத்தையும் கேளுங்கள். 24 என்பது மேல்விளிம்புக் கணக்கு, அடி அதைவிடக் குறுகி இருக்கும். காதோடு காது அளந்தால் இன்னும் ஆறேழு செ.மீ. கூடும். உங்கள் இரண்டு பர்னருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்துகொண்டு போங்கள். நீள்வட்டச் சட்டி அழகாக இருக்கும், நம் வட்ட பர்னருக்கு அது வேண்டாம். இரண்டு முனையும் சூடேறாது.

கனம் ஏன் இவ்வளவு என்று பலர் கேட்பார்கள். உங்கள் பக்கத்துச் சுவாமிமலையில் மெழுகுச் சிற்பத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்ப்பார்கள் இல்லையா? இதுவும் வார்ப்புதான். மணல் அச்சில் உருகிய இரும்பை ஊற்றி எடுப்பது. தகட்டை அடித்துச் செய்த கடாய் மாதிரி மெலிசாக வராது. மெலிசாக இருந்தால் அது தவறி விழும்போது உடைந்துவிடும்.

மாயவரத்துக்காரி:

24 சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரால் குழம்பு வைப்பீர்களா? மீனுக்கு லிட்டர் கணக்கு பொருந்தாது, அகலக் கணக்குதான். துண்டுகள் ஒரே அடுக்காகப் படுக்க வேண்டும். உயரமான சட்டியில் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் கரண்டி பட்டதும் உடையும். நான் மீனுக்கு என் பழைய மண்சட்டியைத்தான் எடுப்பேன். அகலம் இருக்கிறது, ஆழம் கிடையாது. மீனுக்காகவே வார்ப்பிரும்பு வேண்டும் என்றால் சுவர் தாழ்ந்த, அகலமான சட்டி தனியாகக் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே சட்டியில் எதிர்பார்க்க வேண்டாம்.

மன்னைத் தம்பி:

அளந்து போட்ட எண்களைப் பார்த்த பிறகு நானும் 24 என்றே சொல்வேன். எங்கள் வீட்டில் தினமும் ஒன்பது பேர், அந்தக் கண்ணால் பார்த்துவிட்டேன். புளி விஷயத்தில் ஐயாறு அம்மா சொன்னது சரி. என் இரும்புச் சட்டியின் உள்பக்கம் ஏன் திட்டுத்திட்டாக வெளுக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

அக்கா, அடிப்பிடித்த 28-ஐ என்ன செய்தீர்கள்? கம்பி நார் போட்டுத் தேய்க்கவில்லையே?

குடந்தை அடுப்படி:

தேய்க்கவில்லை. ஊற வைத்திருக்கிறேன், ஆனாலும் நடுவில் பழுப்பு வட்டம் அப்படியே நிற்கிறது.

ஐயாறு வீடு:

வட்டம் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடு. ஆறின பிறகு மரக்கரண்டியால் நெருடினால் பெயர்ந்து வரும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, பூச்சு விரிசல் விட்டுவிடும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் காய வைப்பதும் கூடாது. கழுவியதும் விளிம்பைத் துடைத்து வை. அங்கே பூச்சு மெலிசு, துரு பிடிக்கும்.

வத்தக்குழம்புக்கு உன் வீட்டில் கல்சட்டி இருக்கிறதா? இருந்தால் அதை மாற்றாதே. அடுப்பை அணைத்த பிறகும் கொதித்துக்கொண்டிருக்கும், அந்த ருசியை இந்தச் சட்டி தரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

குடந்தை அடுப்படி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சோடா வைத்தியத்தில் வட்டம் போய்விட்டது. 28-ஐ நாத்தனார் வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டில் மாமனார், கொழுந்தன் குடும்பம் எல்லோரும் வந்துவிட்டால் பன்னிரண்டு பேர், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. பாதிப் பணம் கையில் கொடுத்தார், மீதி தீபாவளிக்கு. அதை வைத்து 24 வாங்கினேன். இந்தத் தடவை இணையத்தில் வாங்கவில்லை. அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போனேன். மூடியோடு தூக்கிப் பார்த்து, அப்புறம் மூடி இல்லாமல் தூக்கிப் பார்த்து, "இது முடியும்" என்றார். பக்கத்தில் 26 இருந்தது. அதைத் தொட்டுவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

இப்போது இதைப் பெரிய பர்னரில் வைக்கிறேன், குக்கரைச் சின்னதுக்கு மாற்றிவிட்டேன். போன ஞாயிறு கோழிக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடுதல் தண்ணீர் ஊற்றவில்லை. மூடியில் கட்டின ஆவி திரும்பச் சொட்டிக்கொண்டே இருந்தது. நேற்று கடப்பாவும் வைத்தேன், ஓரத்துக் கிழங்கும் நடுக்கிழங்கும் ஒன்றாக வெந்தன. கல்சட்டி வத்தக்குழம்போடு அதன் இடத்திலேயே இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம் மட்டும் அம்மாவின் வெண்கலப் பானையில் வடித்து, தாம்பாளத்தில் கொட்டித்தான் கலக்கப் போகிறோம். மாயவரத்து அக்கா, அந்தத் தாழ்ந்த சட்டி விராலுக்கு எத்தனை செ.மீ. இருந்தால் ஆறு துண்டு ஒரே அடுக்காகப் படுக்கும்?

மாயவரத்துக்காரி:

ஒரு தட்டில் துண்டுகளை நீங்களே பரப்பி, ஓரத்தோடு ஓரம் அளந்து பாருங்கள் அக்கா. திருப்பிவிட இரண்டு விரல் இடம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு விராலுக்கு 26 வந்தது.