மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ்: சிங்கிள்ஸ் தொகுப்புல ஆரம்பிக்கவா, லைவ்ல ஆரம்பிக்கவா?

இரவுரயில்:

வணக்கம் மக்களே. ஒரு மாசமா என் காதுல ஒரே பேண்டு தான் ஓடிட்டு இருக்கு, மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ். வேல்ஸ்ல பிளாக்வுட்னு ஒரு ஊரு, நிலக்கரி சுரங்கத்த நம்பி வாழ்ந்த பக்கம், அங்க ஸ்கூல்ல ஒண்ணா படிச்ச பசங்க. எனக்கு உருப்படியா தெரிஞ்சது ரெண்டே பாட்டு தான், 'எ டிசைன் ஃபார் லைஃப்', அப்புறம் அந்த நீளமான பேரு உள்ள 'இஃப் யூ டாலரேட் திஸ் யுவர் சில்ட்ரன் வில் பி நெக்ஸ்ட்'. முதல் பாட்ட ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஹெட்ஃபோன்ல கேட்டேன், அந்த ஊஞ்சல் மாதிரி ஆடுற தாளத்து மேல வயலின் எல்லாம் சேர்ந்து எழும்புற இடத்துல எழுந்து உக்காந்துட்டேன், அன்னைக்கு தூக்கம் போச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா எங்க இருந்து தொடங்குறதுனே புரியல. 'ஃபார்எவர் டிலேய்ட்'னு ஒரு தொகுப்பு இருக்கு, 'நேஷனல் ட்ரெஷர்ஸ்'னு ஒண்ணு இருக்கு, பி சைடுக்குன்னு, அதாவது சிங்கிளோட பின்பக்கத்துல வர்ற பாட்டுக்குன்னு தனியா ஒண்ணு, அது போக கச்சேரி டிவிடி வேற. சிங்கிள்ஸ் கேக்கணும்னா எது சரியான தொகுப்பு? லைவ் ரெக்கார்டிங் நிஜமாவே வேற மாதிரி இருக்குமா இல்ல ஆல்பம் மாதிரியே தானா? இன்னொண்ணு, முதல்ல நாலு பேரு இருந்தாங்க அப்புறம் மூணு பேரு ஆயிட்டாங்கன்னு படிச்சேன், கிட்டார் வாசிச்சிட்டு இருந்த ஒருத்தர் இல்லாம போனா லைவ்ல அது கேக்கும் தானே, அந்த வித்தியாசத்த எந்த ரெக்கார்டிங்ல கேக்கலாம்?

பி_பக்கம்:

கண்ண மூடிட்டு 'நேஷனல் ட்ரெஷர்ஸ்' எடுங்க நண்பா. 2011ல வந்தது, மொத்தம் 38 சிங்கிள்ஸ், 1991ல வந்த 'மோட்டவுன் ஜங்க்'ல ஆரம்பிச்சு வந்த வரிசையிலயே போகும். 'ஃபார்எவர் டிலேய்ட்' 2002ல வந்தது, 20 பாட்டு, வரிசை எல்லாம் கலைச்சு போட்டிருப்பாங்க, ஒரே டிஸ்க்ல அடைக்கணும்னு சில பாட்ட வெட்டி சுருக்கி வேற இருப்பாங்க, 'மோட்டார்சைக்கிள் எம்ப்டினஸ்' மாதிரி ஒரு பாட்டுல கை வைக்க எப்படி மனசு வந்துச்சுனு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. 'தி ஹோலி பைபிள்' ஆல்பத்துல இருந்து அதுல 'ஃபாஸ்டர்' ஒண்ணே ஒண்ணு தான்.

வரிசை ஏன் முக்கியம்னு சொல்றேன். 'நேஷனல் ட்ரெஷர்ஸ்'ல பதினஞ்சாவது பாட்டு 'ஷீ இஸ் சஃபரிங்', 1994 அக்டோபர். பதினாறாவது நீங்க தூங்காம கேட்ட 'எ டிசைன் ஃபார் லைஃப்', 1996 ஏப்ரல். இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் நீங்க கேட்ட அந்த கிட்டார்காரர், ரிச்சி எட்வர்ட்ஸ், காணாம போனார். 1995 பிப்ரவரி 1, லண்டன்ல தங்கியிருந்த ஹோட்டல்ல இருந்து காலைல கிளம்பினவர், ரெண்டு வாரம் கழிச்சு செவர்ன் பாலத்து பக்கத்துல அவர் கார் மட்டும் கிடைச்சுது. 2008ல தான் இறந்துட்டதா கருதலாம்னு சட்டப்படி முடிவு பண்ணாங்க. டிஸ்க்ல அந்த இடம் ரெண்டு மூணு செகண்ட் மௌனம், அவ்ளோ தான். நீங்க தயவு செஞ்சு அந்த ரெண்டு பாட்டையும் ஷஃபிள் போடாம ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா கேளுங்க.

ஒரு குறை மட்டும் சொல்லிடுறேன், 2009ல வந்த 'ஜர்னல் ஃபார் பிளேக் லவர்ஸ்' முழுக்க ரிச்சி விட்டுட்டு போன வரிகள்ல செஞ்ச ஆல்பம், அதுல இருந்து சிங்கிளே விடல, அதனால தொகுப்புல அது வராது. அத தனியா தேடி கேக்கணும்.

ஆல்பத்துல சேராத சிங்கிளும் உண்டு. 'தி மாஸஸ் அகெய்ன்ஸ்ட் தி கிளாஸஸ்' 2000 ஜனவரில விட்டாங்க, விட்ட அன்னைக்கே டெலீட் பண்ணிட்டாங்க, அதாவது கடைக்கு போன காப்பி போனது தான், புதுசா அடிக்க மாட்டாங்க. அப்படியும் பிரிட்டன்ல நம்பர் 1. நட்சத்திரம் இல்லாத கியூபா கொடி தான் அட்டைப்படம். தொடக்கத்துல அமெரிக்க சிந்தனையாளர் நோம் சோம்ஸ்கி பேசுறது வரும், அதுக்கப்புறம் வர்ற கிட்டார் இருக்கே, சவுண்ட கொறைக்காம கேளுங்க.

நாலுதந்தி:

பி_பக்கம் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் லைவ் தான் முதல்லனு சொல்லுவேன். நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறவன், அதனால கேள்வியோட கடைசி பாகத்துக்கு பதில் சொல்றேன், அது நல்ல கேள்வி.

காதுல வித்தியாசம் தெரியாது ப்ரோ. ஏன்னா ரிச்சி கிட்டார் அதிகம் வாசிச்சதே இல்ல. ஸ்டுடியோல கிட்டார் எல்லாம் பாடகர் ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்ட் தான், மேடைல ரிச்சி தோள்ல கிட்டார் தொங்கும், ஆனா மிக்ஸ்ல அது அடியில தான் இருக்கும். ரிச்சியோட வேலை வரிகள், அவரும் பாஸ் வாசிக்கிற நிக்கி வயரும் எழுதுவாங்க, ஜேம்ஸும் ட்ரம்மர் ஷான் மூரும் ட்யூன் போடுவாங்க, அவங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க, ஒரே வீட்டுல வளர்ந்தவங்க. அதனால ஆள் போனதுக்கப்புறமும் சவுண்டுல ஓட்டை விழல. ஆனா வீடியோ பாருங்க, மேடைல ஒரு பக்கம் நிக்கி, மைக் ஸ்டாண்டுல இறகு மாலை சுத்தி வச்சிட்டு குதிச்சிட்டு இருப்பார், நடுவுல ஜேம்ஸ், இன்னொரு பக்கம் ரிச்சி நின்ன இடம் சும்மா கெடக்கும், அத நிரப்பாமலே பல வருஷம் வாசிச்சாங்க. பின்னாடி வெய்ன் மர்ரேனு ஒருத்தர் மேடைல கூட கிட்டார் வாசிக்க வந்தார், ஆனா அவர் பேண்டு மெம்பரா ஆகல.

ஒப்பிட்டு பாக்கணும்னா 'தி ஹோலி பைபிள்' 10ம் வருஷ பதிப்பு, 2004ல வந்தது, அதுல ஒரு டிவிடி இருக்கு. 1994 கிளாஸ்டன்பரி கச்சேரில நாலு பேரு இருப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ரெடிங் விழாவுல மூணு பேரு தான், ரிச்சி அப்ப ஆஸ்பத்திரில இருந்தார். காணாம போறதுக்கு முன்னாடியே மூணு பேரா நின்னு வாசிச்ச மேடை அது, ஜேம்ஸ் முகத்த பாத்துட்டே இருங்க.

முழு கச்சேரின்னா மூணு வீடியோ. 'எவரிதிங் லைவ்', 1997 மே 24, மான்செஸ்டர் அரீனா. அடுத்து 'லீவிங் தி ட்வென்டியத் செஞ்சுரி', 1999 டிசம்பர் 31, கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியம், அம்பதாயிரத்துக்கு மேல ஜனம், சொந்த நாட்டோட தலைநகர்ல புது வருஷம். மூணாவது 'லவுடர் தன் வார்', 2001 பிப்ரவரி 17, ஹவானா, கார்ல் மார்க்ஸ் தியேட்டர். ஃபிடல் காஸ்ட்ரோவே வந்திருந்தார், கச்சேரி சத்தமா இருக்கும்னு முன்கூட்டியே அவர்கிட்ட சொன்னப்ப போர விடவா சத்தமா இருந்துட போகுதுன்னு கேட்டாராம், அது தான் தலைப்பு.

முதல்ல மான்செஸ்டர். ஜேம்ஸ கவனிங்க, வரிய எழுதுறவங்க தாளத்த பத்தி கவலையே படாம பத்தி பத்தியா எழுதி கொடுத்திருப்பாங்க, ஒரு அளவுக்குள்ள அடங்காத வார்த்தைய இவர் மென்னு திணிச்சு பாடிட்டே லீடு கிட்டாரும் வாசிக்கணும். வரி முடிஞ்ச உடனே மைக்க விட்டு பின்னாடி போய் ஒத்த கால்ல சுத்துவார், அடுத்த வார்த்தை ஆரம்பிக்கிற நொடி கரெக்டா வாய் மைக்குல இருக்கும். எத்தனையோ தடவை பாத்துட்டேன், ஒரு தடவை கூட தவறல. அப்புறம் இவங்க கச்சேரில "இன்னொரு பாட்டு"ன்னு திரும்பி வர்ற வழக்கமே இல்ல, முடிஞ்சா முடிஞ்சது தான், அதனால கடைசி பாட்ட எல்லாத்தையும் கொட்டி வாசிப்பாங்க.

கார்டிஃப்_நாட்கள்:

இந்த த்ரெட்ட பாத்ததும் சும்மா போக முடியல. நான் கார்டிஃப்ல ரெண்டு வருஷம் படிச்சவ. தம்பிங்களா, சிங்கிளா லைவானு நீங்க பிரிச்சு பேசுறீங்க, இவங்க விஷயத்துல அத அப்படி பிரிக்கவே முடியாது, ஏன்னா 90கள்ல லைவ் பாட்டுல பாதி சிங்கிளோட பின்பக்கத்துல தான் வந்துச்சு.

ஒரு சனிக்கிழமை பழைய பொருள் விக்கிற கடையில சிடி பெட்டிய கிளறிட்டு இருந்தப்ப 'ஷீ இஸ் சஃபரிங்' சிங்கிள் கிடைச்சுது. மெல்லிசு டப்பா, மூலை உடைஞ்சிருந்துச்சு, 50 பென்ஸ். திருப்பி பாத்தா கடைசி ரெண்டு பாட்டும் லைவ், 1994 மார்ச் 2, லண்டன் கிளாப்பம் கிராண்ட். ஸ்வேட் பேண்டோட 'தி ட்ரவுனர்ஸ்' பாடுறாங்க, கிட்டார்ல யாருன்னா ஸ்வேடோட பெர்னார்ட் பட்லரே வந்து நிக்கிறார். அந்த கச்சேரி எதுக்கு நடந்துச்சுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, இவங்கள ஆரம்பத்துல தூக்கி விட்ட மேனேஜர் ஃபிலிப் ஹால் 1993 டிசம்பர்ல கேன்சர்ல இறந்துட்டார், அதுக்காக நிதி திரட்ட நடத்தினது. அது தெரிஞ்சதுக்கப்புறம் அந்த ரெண்டு பாட்டுல இருக்கிற கும்மாளம் எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. துக்கத்துல இருக்கிறவங்க கூடி சத்தமா வாசிக்கிறாங்க. ஆல்பம் மட்டும் கேட்டா இது கைல கிடைக்கவே கிடைக்காது.

இன்னொண்ணு சொல்றேன், 'எ டிசைன் ஃபார் லைஃப்' பத்தி. கார்டிஃப் சென்ட்ரல் லைப்ரரி, தி ஹேய்ஸ் தெருவுல இருக்கு, 2009ல அத திறந்து வச்சதே மேனிக்ஸ் தான். அங்க ஒரு கல்வெட்டு மாதிரி பலகை இருக்கு, அந்த பாட்டோட முதல் வரியவே அதுல பொறிச்சிருக்காங்க. நான் தீசிஸ் எழுதின நாள்ல தெனமும் அத தாண்டி தான் மேல போவேன். ஒரு நாள் வயசான ஒருத்தர் பேரப்பையன கைல புடிச்சிட்டு அத விரலால தொட்டு தொட்டு வாசிச்சு காட்டிட்டு இருந்தார். சுரங்கத் தொழிலாளிங்க தங்கள் கூலில இருந்து காசு போட்டு நூலகம் கட்டின பூமி அது, நூலகம் தான் எங்களுக்கு பலம் கொடுத்துச்சுன்னு ஒரு ராக் பாட்டு தொடங்குதுன்னா அது அங்க இருந்து வந்தது. வெளிய அந்த பாட்ட நிறைய பேர் குடிச்சிட்டு கத்துற பாட்டாவே எடுத்துக்கிட்டாங்க, அது எனக்கு வருத்தம். 1999 கார்டிஃப் வீடியோல ஸ்டேடியமே சேர்ந்து பாடும்போது எத்தனை பேருக்கு அது சொந்த தாத்தா கதைன்னு யோசிச்சு பாருங்க.

ஹவானா வீடியோல 'ஓஷன் ஸ்ப்ரே' மிஸ் பண்ணாதீங்க. ஜேம்ஸோட அம்மா கேன்சர்ல ஆஸ்பத்திரில இருந்தப்ப குடிச்ச கிரான்பெரி ஜூஸோட பேர் அது, வரியும் ஜேம்ஸே எழுதினது. ரெக்கார்டுல அந்த ட்ரம்பெட் நம்ம ட்ரம்மர் ஷான் மூர் வாசிச்சது, ஹவானால கியூபா கலைஞர் ஒருத்தர் வந்து வாசிப்பார்.

இரவுரயில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா உங்களுக்கு தனியா. நேத்து நைட் பி_பக்கம் சொன்ன மாதிரி வரிசையா கேட்டேன். 'ஃபாஸ்டர்', 'ரெவல்', 'ஷீ இஸ் சஃபரிங்' மூணும் இறுக்கமா, மூச்சு விட இடமில்லாத மாதிரி இருந்துச்சு, அப்புறம் அந்த சின்ன மௌனம், அப்புறம் ட்ரம்ஸ் மெதுவா ஊஞ்சல் ஆட ஆரம்பிக்குது. ஒரு மாசமா கேட்ட பாட்டு தான், நேத்து தான் முதல் தடவை கேட்ட மாதிரி இருந்துச்சு. கிளாஸ்டன்பரியும் ரெடிங்கும் பாத்தேன். நாலுதந்தி சொன்னது நிஜம், கண்ண மூடினா ஒண்ணும் குறையல.

ஒரே ஒரு சந்தேகம். ரிச்சி போனதுக்கப்புறம் மூணு பேரும் முதல்ல வாசிச்சது என்ன? 'எ டிசைன் ஃபார் லைஃப்' தானா?

பி_பக்கம்:

இல்ல. வெளிய வந்ததுல முதல்ல பதிவு பண்ணது 'ரெயின்ட்ராப்ஸ் கீப் ஃபாலிங் ஆன் மை ஹெட்', பர்ட் பேக்கரக் ட்யூன், பழைய பாட்டு. 1995 செப்டம்பர்ல போஸ்னியா போர்ல பாதிச்ச குழந்தைங்களுக்காக 'ஹெல்ப்'னு ஒரு ஆல்பம் வந்துச்சு, நிறைய பேண்டு சேர்ந்து ஒரே நாள்ல பதிவு பண்ணது, அதுக்காக செஞ்சாங்க. மேடைன்னா 1995 டிசம்பர் 29, வெம்ப்ளி அரீனா, ஸ்டோன் ரோசஸ் கச்சேரிக்கு முன்னாடி. அந்த பாட்டு இப்ப 'லிப்ஸ்டிக் ட்ரேசஸ்'ல இருக்கு, நீங்க கேட்ட பி சைடு தொகுப்பு அது தான், 2003. ஒரு டிஸ்க் சொந்த பாட்டு, இன்னொண்ணு மத்தவங்க பாட்டு, அதுல லைவும் உண்டு. சொந்த டிஸ்க்ல 'ப்ரோலாக் டு ஹிஸ்டரி' முதல்ல போடுங்க, அந்த நீளமான பேரு பாட்டோட பின்பக்கத்துல ஒளிஞ்சிருந்தது, எத்தனையோ பேண்டுக்கு முன்பக்கத்துல வைக்கக்கூட இப்படி ஒரு பாட்டு அமையாது. 'ஜட்ஜ் யர்செல்ஃப்' ரிச்சியோட சேர்ந்து கடைசியா செஞ்ச பாட்டு, அதுவும் அதுல தான் முதல் தடவையா வந்துச்சு.

இரவுரயில்:

இப்ப தான் 'ரெயின்ட்ராப்ஸ்' கேட்டு முடிச்சேன். அக்கூஸ்டிக் கிட்டார், ஜேம்ஸ் குரல் கொஞ்சம் கூட கத்தாம, அப்புறம் ஷானோட ட்ரம்பெட் வருது. மறுபடி போட்டிருக்கேன்.