ஃபயர்பிளேஸ் பைலட் சுடருக்கு மாதம் எவ்வளவு கேஸ் போகும்?

எடிசன்வாசி:
நியூ ஜெர்சியில் பழைய வீடு வாங்கி மார்ச்சில் குடிவந்தோம். ஹாலில் கேஸ் ஃபயர்பிளேஸ். அதை அணைத்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று மகள் கண்ணாடியில் கை வைத்துவிட்டு, "அப்பா, வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தால், பொய் விறகுக்குப் பின்னால் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு நீலச் சுடர். பெரிய தீயைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பைலட் சுடராம். ஜூன் கேஸ் பில் 22 தெர்ம் (பில்லில் கேஸை அளக்கும் அலகு). இதுதான் காரணமா? அணைத்துவிடலாமா?

கீழ்வீட்டுக்காரர்:
வாட்டர் ஹீட்டரும் பழசு என்றால் அதிலும் ஒரு பைலட் எரியும், பாருங்கள்.

மீட்டர்மாமி:
தம்பி, ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். நான் போன வருடம் அளந்தேன். கேஸ் மீட்டரில் "அரை அடி" என்று ஒரு சின்ன முள் இருக்கும். அது ஒரு சுற்று வந்தால் அரை கன அடி கேஸ், சுமார் 515 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). அடுப்பைத் தொடாமல், வாட்டர் ஹீட்டர் குமிழைப் பைலட் நிலைக்குத் திருப்பிவிட்டு, மீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பைலட்டும் எரியும்போது ஒரு சுற்றுக்கு 24 நிமிடம். ஃபயர்பிளேஸ் பைலட்டை அணைத்த பிறகு 64 நிமிடம்! அதாவது ஃபயர்பிளேஸ் மட்டும் மணிக்கு 800 பி.டி.யு., வாட்டர் ஹீட்டர் 480. ஒரு தெர்ம் என்பது 1,00,000 பி.டி.யு. 30 நாளுக்குக் கணக்குப் போட்டால் ஃபயர்பிளேஸுக்கு ஐந்தே முக்கால் தெர்ம், ஹீட்டருக்கு மூன்றரை.

ஹீட்டர் பைலட்டை விட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீருக்குத்தான் போகிறது. ஃபயர்பிளேஸ் சூடு அப்படியில்லை. ஜூலையில் அது ஹாலுக்குள் வரும், அதை ஏசி வெளியே தள்ள வேண்டும். காசு இரண்டு தடவை போகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. மே மாதமே அணைத்துவிடுகிறேன்.

எடிசன்வாசி:
நன்றி மாமி, இன்றே அணைக்கிறேன். அக்டோபரில் திரும்பப் பற்றவைப்பது கஷ்டமா?

மீட்டர்மாமி:
கஷ்டமில்லை. குமிழை அணைத்த நிலையில் ஐந்து நிமிடம் விட்டு, தேங்கிய கேஸ் போனதும் பைலட்டுக்குத் திருப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள். பற்றியதும் கையை எடுத்துவிடாதீர்கள். சுடர் எரிகிறதா என்று சூட்டை வைத்து அறியும் தெர்மோகப்பிள் சூடேற ஒரு நிமிடம் வரை ஆகும், அதற்குள் விட்டால் அணைந்துவிடும். கேஸ் வாடை அடித்தால் மட்டும் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். அப்புறம், பற்றாமல் அடம்பிடித்தால் குழாய் நுனியில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் போன அக்டோபரில் அதுதான் நடந்தது, ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்தோம்.