பள்ளிக்கரணை வரை போகத்தான் வேண்டுமா?

காட்பாடிக்காரன்:
போன ஞாயிறு பிள்ளைகளோடு பள்ளிக்கரணை சதுப்புநிலம் போய்வந்தோம். விடியுமுன் காட்பாடியில் ரயில், பார்க் டவுனில் பறக்கும் ரயில், பெருங்குடியில் இறங்கினோம். பூநாரைகளை இத்தனை அருகில் நான் பார்த்ததே இல்லை. அவசியம் போய்வாருங்கள்.

ஏரிக்கரையான்:
130 கிலோமீட்டர் போய்க் குப்பைமேட்டின் ஓரமாக நின்றீர்களாக்கும்! காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வந்து நிரப்புகிறது. கூழைக்கடா, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் அங்கேயே உண்டு. சென்னை பஸ்ஸில் பாதி வழிகூட இல்லை.

காட்பாடிக்காரன்:
காவேரிப்பாக்கம் என் மாமியார் ஊர் ஐயா, எனக்கா தெரியாது? ஏரி நிரம்பினால் பறவை நடுத்தண்ணீரில் கறுப்புப் புள்ளிதான். நெட்டைக்கால் உள்ளான் வாத்தைப்போல் நீந்தி மேயாது. முழங்காலளவு நீரில் நடந்து, பூச்சி புழுக்களைக் கொத்தித் தின்னும். உபரிநீர் வெளியேறும் கடைவாசல் வரை தண்ணீர் தளும்பும்போது அது எங்கே கால் ஊன்றும்? பள்ளிக்கரணையில் ஆழம் குறைவு. அதனால்தான் கரையோரத்திலேயே அத்தனை கால்கள்.

ஏரிக்கரையான்:
ஐப்பசியில் வந்து பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். மாசியில் வாருங்கள். மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டு, நீர் வடிய வடிய ஏரியின் உள்வாய்த் தரை முழுக்கச் சேறுதான். வலசை வந்தவை அப்போதும் இருக்கும்.

சதுப்பேரிக்காரி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பள்ளிக்கரணையில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடானது. 2022இல் ராம்சார் என்ற பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே யாராவது மண் கொட்டினால் வழக்குப் போட ஒரு பிடி இருக்கிறது. நம் ஏரிகளுக்கு அப்படி என்ன இருக்கிறது? (எங்கள் ஏரிக்குப் பெயரே சதுப்பேரி. பெயரில் இருந்து என்ன பயன்!)

ஏரிக்கரையான்:
அதே 2022இல்தான் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது, அம்மா. பட்டியல் புகையைத் தடுத்ததா? எங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு விவசாயிதான் காவல். தண்ணீர் அவனுக்கு வேண்டும், அதனால் கரையைப் பார்த்துக்கொள்கிறான்.

சதுப்பேரிக்காரி:
வயல் மனையாகும்வரை பார்த்துக்கொள்வான். சதுப்பேரியைச் சுற்றி வந்து பாருங்கள், புரியும்.

ஏரிக்கரையான்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காட்பாடிக்காரன்:
மாசியில் மாமியார் வீட்டுக்கு எப்படியும் போக வேண்டும். பைனாகுலரையும் எடுத்துவருகிறேன். உள்ளானை நீங்கள் காட்டுங்கள், ஆற்காடு மக்கன் பேடா என் செலவு.