கேட்டரிங் தொழிலுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையா?

மலைக்கோட்டைவாசி:

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்து முடித்த என் அக்கா மகன், ஒரு தனியார் கல்லூரியில் கேட்டரிங் சயின்ஸ் அண்ட் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறான். மூன்றாண்டுக் கட்டணத்தையும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். நேராக ஒரு நட்சத்திர ஓட்டலில் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று வீட்டில் ஒரு தரப்பு சொல்கிறது. பட்டம் இல்லாவிட்டால் கடைசிவரை அடுப்பின் முன்னாலேயே நிற்க வேண்டியதுதான் என்கிறது மறு தரப்பு. இத்துறையில் இருப்பவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுப்படி:

ஐயா, கடன் வாங்கிப் படிக்க வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மூன்றாண்டு பட்டம் பெற்று வருபவரும், ஒன்றரை ஆண்டு சமையல் சான்றிதழ்ப் படிப்பு முடித்து வருபவரும் பெரும்பாலும் கமி செஃப் என்ற ஒரே தொடக்க நிலைச் சமையலர் வேலையில்தான் சமையலறைக்குள் நுழைகிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது செஃப் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒரு வெங்காயத்தை நறுக்கச் சொல்வார். ஓர் ஆம்லெட் போடச் சொல்வார். கத்தியைப் பிடிக்கும் விதத்தையும், வேலை முடிந்ததும் பலகையைத் துடைத்து வைக்கிறானா என்பதையும் வைத்தே முடிவு செய்துவிடுவார். கட்டணம் கட்டி மூன்றாண்டு படித்தவன் பெறாத கைப்பழக்கத்தை, சம்பளம் வாங்கிக்கொண்டே மூன்றாண்டு வேலை பார்த்தவன் பெற்றிருப்பான்.

வரவேற்பறை:

அடுப்படி அவர்கள் சொல்வது சமையலறைக்குப் பொருந்தலாம். ஆனால் அந்தப் படிப்பு சமையல் படிப்பு மட்டுமன்று. உணவுத் தயாரிப்பு, உணவு பரிமாறும் சேவை, விருந்தினரை வரவேற்கும் முன் அலுவலகம், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங் என்று நான்கு துறைகளையும் ஒருவருக்குக் கற்றுத் தருகிறது. வேலையில் நேரடியாகச் சேர்பவர் தாம் நுழைந்த துறையிலேயே தங்கிவிடுகிறார். அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்பதை அறியும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

அங்கே கற்றுத் தரும் விலைக் கணக்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கிலோ 400 ரூபாய் விலையில் 10 கிலோ மீன் வாங்கி, தலை, முள், தோல் நீக்கிய பிறகு 6 கிலோ சதை கிடைக்கிறது என்றால், தட்டில் வைக்கும் மீனின் உண்மையான விலை கிலோவுக்கு ஏறத்தாழ 667 ரூபாய். இதைக் கணக்கில் கொள்ளாமல் 400 ரூபாயை அடிப்படையாக வைத்து மெனு விலை போட்ட உணவகங்கள், கூட்டம் நிரம்பி வழிந்தும் நட்டத்தில் மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரைத்தான் பின்னாளில் மேலாளராக்குகிறார்கள்.

அடுப்படி:

மீன் கணக்கை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு ஸ்டோர் கீப்பர். தராசையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு ஒரே பிற்பகலில் சொல்லிக் கொடுத்தார். அதற்கு ஆறு பருவங்கள் தேவையில்லை. பட்டப்படிப்பிலும் பல மாதங்கள் ஓட்டலுக்கு இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் என்று அனுப்புகிறார்களே, அங்கே மாணவர்கள் செய்வதென்ன? காய்கறி வெட்டும் பகுதியில் உருளைக்கிழங்கு உரிப்பதும், விருந்து முடிந்த கூடத்தில் நாற்காலி அடுக்குவதும்தான் பலருக்கு வாய்க்கிறது. கட்டணமும் கட்டிக்கொண்டு இந்த வேலையைப் பார்ப்பதை எப்படிக் கல்வி என்று ஏற்பது?

வெள்ளைவிரிப்பு:

நான் ஹவுஸ்கீப்பிங் துறையில் மேற்பார்வையாளராக இருப்பவள். பயிற்சி மாணவர்களைக் கூலியில்லா ஆட்களாக நடத்தும் ஓட்டல்கள் இருக்கின்றன என்பது உண்மை, அது கண்டிக்கத்தக்கது. ஆனாலும் அடுப்படி அவர்களின் முடிவை ஏற்க முடியவில்லை. கைப்பழக்கம் எப்படிச் செய்வது என்பதைச் சொல்லித் தரும். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதைப் பல வேளைகளில் சொல்லித் தராது.

மீந்த சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு வெளியிலேயே இருந்த சாதத்தை மறுநாள் நன்றாகச் சூடாக்கி ஃப்ரைடு ரைஸ் செய்துவிட்டால் கெடுதல் இல்லை என்று அனுபவசாலிகளே நம்புகிறார்கள். அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பிறகும் உயிரோடிருக்கும். சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நெடுநேரம் வைக்கக் கூடாது என்ற விதியின் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

அடுப்படி:

அம்மா, நீங்கள் சொல்வது மிக முக்கியமான செய்தி, மறுக்கவில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சியில் இத்தகைய விதிகளை ஒரு நாளிலேயே கற்றுத் தருகிறார்கள். அதற்காக ஒரு குடும்பம் ஏன் கடனாளியாக வேண்டும்?

வரவேற்பறை:

கடன்தான் தடை என்றால் தனியார் கல்லூரியை விட்டுவிட்டு வேறு வழியைப் பாருங்கள். 1963இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னை தரமணியில் இயங்கும் ஐ.எச்.எம். என்ற ஓட்டல் மேலாண்மை நிறுவனம் மத்திய அரசின் கீழ் உள்ளது. என்.சி.எச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதி அங்கே சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பது பொருட்டில்லை. ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். பட்டத்தை ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் வழங்குகிறது. மலைக்கோட்டைவாசிக்குப் பக்கத்திலேயே, திருச்சி துவாக்குடியில், மாநில அரசின் நிறுவனமும் இருக்கிறது. தனியார் கல்லூரியில்தான் சேர்ப்பது என்றால், பயிற்சிச் சமையலறையை நேரில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அடுப்புகள் பளபளவென்று புதிதாகவே இருந்தால், அங்கே யாரும் சமைப்பதில்லை என்று பொருள்.

அடுப்படி:

அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தால் சேரட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன், இந்த விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது ஓட்டல் சமையலறையில் உதவியாளாக நிற்கட்டும். காலையிலும் இரவிலும் வேலை, நடுவில் வீட்டுக்குப் போய்வர முடியாத இடைவேளை என்ற பிரேக் ஷிப்டைத் தாங்க முடிகிறதா என்பது அவனுக்கே தெரிந்துவிடும். தாங்க முடியாதவனுக்கு எந்தப் பட்டமும் உதவாது.

வெள்ளைவிரிப்பு:

ஒரு மாதம் நிற்கட்டும், ஆனால் சமையலறையில் மட்டும் வேண்டாம். அங்கே மனம் வெறுத்து வெளியேறியவர்கள் முன் அலுவலகத்திலும் எங்கள் துறையிலும் நன்றாக உயர்ந்திருக்கிறார்கள். பாதி நாட்களாவது அறைகளைத் தயார் செய்யும் பிரிவில் இருந்து பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யட்டும்.